பீப்பாய்க்குள் புகை: மழை ஊரில் ஓர் உப்புக்கண்டம்

பொழுது சாய்ந்தபின் சோறு உண்ணாத சமண வீட்டில் பிறந்தவன், இறைச்சி புகைக்கும் அடுப்பைப் பற்றி மலருக்குக் கட்டுரை எழுதலாமா? வேறு யாரும் கேட்பதற்கு முன்னால் என் மனைவியே கேட்டுவிட்டாள். நான் அந்த அடுப்பில் வெந்ததைத் தின்றவன் அல்ல. அதற்குத் தகரம் விற்றவன். விற்றவனுக்கும் அதில் பங்கு உண்டா என்ற கேள்வி முப்பது ஆண்டுகளாக என்னிடம் கிடக்கிறது. அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில் தமிழர் உணவு வரலாற்றில் ஒரு மூலை எனக்குத் தெரிய வந்தது. அதைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1979-இல் பம்பாய் வந்தேன். தாராவியில் காலி டப்பா, காலி பீப்பாய் வாங்கி விற்கும் தொழில். ஊரில் இதைக் காயலான் கடை என்போம். காயல்பட்டினத்தார் இத்தொழிலில் முன்னோடிகளாக இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். இங்கே அதற்குப் பங்கார் என்று பெயர். தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், 15 கிலோ எண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்துவது ஒரு சந்து, பீப்பாயைக் கழுவிச் சாயம் அடிப்பது இன்னொரு சந்து. கடையில் என்னை நயினார் என்றே அழைப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் இந்துக்களிடமும் முஸ்லிம்களிடமும் நயினார் என்ற பெயர் உண்டு. ஆகவே தாராவியின் நெல்லைக்காரர்கள் பலர் என்னைத் தங்கள் ஊர்க்காரன் என்றே நினைத்து, ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு அழைத்ததும் உண்டு!

1994 ஜூன் மாதம். செம்பூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தரைத்தள வீடு, பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடம், துணி துவைக்கும் கல், ஒரு முருங்கை மரம்.

"அண்ணாச்சி, நல்ல பீப்பா ஒண்ணு குடுங்க. மூடி தனியா வரணும்."

"தண்ணி பிடிக்கவா ஐயா?"

"இல்ல, புகை போடணும். வருசா வருசம் உப்புக்கண்டம் போடுவோம்லா. இந்த ஊர் மழைல காயவே மாட்டேங்கு. போன வருசம் புழு வச்சிட்டு. அதான் புகையில காய வைக்கலாம்னு."

இந்த மூன்று வாக்கியத்தில் ஒரு வரலாறே இருக்கிறது என்பது எனக்கு அன்று புரியவில்லை.

தமிழ்நாட்டில் இறைச்சியும் மீனும் கெடாமல் வைப்பதற்கு உப்பும் வெயிலும் போதும். புறநானூற்றிலேயே வாடூன் என்ற சொல் இருக்கிறது. வாட வைத்த ஊன். கருவாடு என்ற சொல்லிலும் அந்த வாட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. நெய்தல் திணைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு, மணலில் மீனைக் காய வைத்துவிட்டுப் பறவை ஓட்டும் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். நெருப்பில் சுடுவதும் பழசுதான். இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி பொருநராற்றுப்படையில் விருந்தாக வருகிறது. ஆனால் அது உடனே தின்பதற்கு. நாள்கணக்கில் வைத்துக்கொள்வதற்குத் தமிழன் நம்பியது சூரியனைத்தான்.

காரணம் எளிது. தூத்துக்குடியில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். அதனால்தான் அங்கே உப்பளம். மும்பையிலோ ஜூலை மாதம் ஒன்றில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சுவரில் அடித்த ஆணியே துருப்பிடிக்கும் ஈரத்தில் கண்டம் எப்படிக் காயும்? தாராவி கோளிவாடாவின் மீனவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். மழைக்கு முன்பே பொம்பில் மீனைக் கொடி கட்டி உலர்த்தி, மழைக்காலச் செலவுக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். நம்மவர்கள் ஊர்ப் பழக்கத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். வெயிலை மூட்டை கட்ட முடியவில்லை.

மழையும் ஈரமும் மிகுந்த இடங்களில்தான் புகை வேலை செய்திருக்கிறது. குடகில் பன்றியிறைச்சியை அடுப்புக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். இடுக்கி மலையில் மாட்டிறைச்சி. நாகாலாந்து, மணிப்பூர் பக்கம் புகை படாத சமையலறையே கிடையாது. நமக்கு இவற்றைவிட நெருங்கிய உறவு மாலத்தீவு. 1343-44-இல் அங்கே இருந்த இபன் பதூதா, மீனைத் துண்டாக்கி, லேசாக வேகவைத்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகை போட்டு, காய்ந்தபின் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புவதை எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்து புறப்பட்டு அவர் வந்து சேர்ந்தது சுல்தான்கள் ஆண்ட மதுரை நாட்டுக்கு. அந்த மீன்தான் நம் மாசி. மாலத்தீவு மொழியில் மஸ் என்றால் மீன். யாழ்ப்பாணத்தார் சம்பலில் இடித்துப் போடுவதும், காயல்பட்டினத்து வீடுகளில் மணப்பதும் அதுதான். ஆகத் தூத்துக்குடிக்காரருக்குப் புகைத்த மீனின் ருசி புதிதல்ல. தோணியில் வந்த சரக்காகத் தெரியும். ஆனால் செய்யும் வேலை அவர் ஊரில் யாருக்கும் தேவைப்படவில்லை. செம்பூரில்தான் தேவைப்பட்டது.

இப்போது பீப்பாய்க்கு வருகிறேன், அது என் தொழில் அல்லவா. இரும்புப் பீப்பாய் உலகுக்கு வந்தது 1905-இல். அமெரிக்காவில் ஹென்றி வெர்ஹான் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் வேலை பார்த்த அயர்ன் கிளாட் நிறுவனத்தின் தலைவி நெல்லி பிளை. 72 நாளில் உலகைச் சுற்றி வந்த பத்திரிகைக்காரப் பெண்மணி. பிற்பாடு நிலைபெற்ற அளவு ஏறக்குறைய 200 லிட்டர். இரண்டாம் உலகப் போரில் படைகள் போன இடமெல்லாம் எரிபொருளோடு இதுவும் போயிற்று. போர் முடிந்ததும் காலிப் பீப்பாய் ஊர் ஊராகக் கிடந்தது. டிரினிடாடில் அதை அடித்து வாத்தியமாக்கினார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பெண்கள் அதை வெட்டி மீன் புகைக்கும் அடுப்பாக்கினார்கள். கானா நாட்டில் ஆக்ரா நகரத்தை ஒட்டிய சோர்கோர் என்ற மீனவக் கிராமத்தில் 1970-ஐ ஒட்டி, அந்தப் பீப்பாய் அடுப்புக்கு மாற்றாக, தட்டுகளை அடுக்கும் மண் அடுப்பு உருவாயிற்று. குறைந்த விறகில் நிறைய மீன். அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் 1952-இல், தாம் வேலை செய்த உலோகப் பட்டறையில் தயாரான கடல் மிதவையின் இரண்டு பாதிகளைக் கொண்டு மூடி போட்ட அடுப்பு செய்தார். அது வெபர் என்ற பெயரில் பெரிய வியாபாரமாகிவிட்டது. நம் செம்பூர்க்காரர் இவர்கள் ஒருவரையும் கேள்விப்பட்டதில்லை. கிடைக்கிற தகரமும் தேவையும் ஒன்றானால் கையும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும் போலும்.

சரி, நான் என்ன செய்தேன்? அவர் புகை போட என்றதுமே என் மனம் ஏட்டுக்குப் போய்விட்டது. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தான் விலக்க வேண்டிய வீண் பாவங்களை ஐந்தாக வகுக்கிறது. அதில் ஒன்று இம்சாதானம். கொலைக்குத் துணையாகும் பொருளைப் பிறருக்குத் தருவது. கோடரி, வாள், மண்வெட்டி, விஷம், சங்கிலி என்று அடுக்கும்போது நெருப்பையும் அதே வரிசையில் வைத்திருக்கிறார். தமிழில் அருங்கலச்செப்பு இந்நூலின் வழியே நடப்பது. சுவேதாம்பர நூல்கள் விலக்கும் பதினைந்து தொழில்களில் முதலாவதே கரி சுடுவது. உலை வைத்துச் செய்யும் தொழில்களையும் ஆசிரியர்கள் அதில் சேர்ப்பதுண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் தாராவி கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர் சூளை மூட்டுவதும் சேர்ந்துவிடும். வாங்குகிறவன் இருப்பதால்தான் விற்கிறவன் இருக்கிறான் என்ற வாதம் திருக்குறளின் புலால் மறுத்தலில் இருக்கிறது. அதையே நீலகேசி பௌத்தரோடு வாதிட எடுத்துக்கொள்கிறாள். அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் பதிப்பித்த அந்நூல் என் கடைப் பெட்டியில் எப்போதும் இருந்தது. எனக்குள் எழுந்த கேள்வி: பீப்பாய் இறைச்சி அல்ல, கத்தியும் அல்ல, இருந்தாலும் எதற்கென்று தெரிந்தே விற்கலாமா?

இப்படி மனம் மும்முரமாகத் தர்க்கம் செய்துகொண்டிருக்கையில், கை பாட்டுக்கு மூலையில் கிடந்த ஒரு பீப்பாயை உருட்டிக் கொடுத்து, காசையும் வாங்கிக்கொண்டது. அதில் முன்பு என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. மேலே சாயம் அடித்திருந்தது. கடைப் பையன் ஏதோ சொல்ல வந்தான், நான் காது கொடுக்கவில்லை.

நான்காம் நாள் பெரியவரின் மகன் வந்தான். நல்லவேளை, கறி எதையும் தொங்கவிடுமுன் வெறும் பீப்பாயில் நெருப்பு மூட்டிப் பார்த்திருக்கிறார்கள். மஞ்சளாகப் புகை வந்ததாம். அப்பாவுக்குக் கண் எரிச்சல், தொண்டை அடைத்து இரண்டு நாள் படுக்கை. பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது பூச்சி மருந்து பீப்பா நயினா, கழுவினப்பவே கை எரிஞ்சுது, அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்" என்றான்.

ஆட்டுக்காக அவ்வளவு யோசித்தவன் அந்த மனிதருக்காக ஒரு கேள்வி கேட்கவில்லை. சமந்தபத்திரரின் பட்டியலில் விஷமும் இருக்கிறது என்பதை மேலே எழுதினேன் அல்லவா. அன்று என் கண்ணில் நெருப்பு மட்டும் பட்டது.

அன்று மாலையே செம்பூர் போனேன். காசைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர் வாங்கவில்லை. "வேற பீப்பா குடுங்க அண்ணாச்சி, அது போதும்" என்றார். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் பை போட்டு வந்த, மூடி முழுதாகத் திறக்கும் பீப்பாய் ஒன்றைத் தேடிப் பிடித்து நானே கொண்டுபோனேன். அதன் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். பிராயச்சித்தம் என்று சொல்ல மாட்டேன், வேடிக்கையும் கலந்திருந்தது.

முதலில் பீப்பாயைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் விறகு போட்டு நன்றாகச் சிவக்க எரித்தார். வெளிச்சாயமும் உள்ளே பூசிய வார்னிஷும் சாம்பலாகிப் போக வேண்டும். பிறகு செங்கல் துண்டாலும் தேங்காய் நாராலும் தேய்த்து, வெந்நீர் விட்டுக் கழுவி, சூடாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவினார். கீழே துளை போடக் காஸ் கட்டர் வேண்டாம் என்று நான் சொன்னேன், உளி வைத்து வெட்டினார். அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாய் ஆபத்து. உள்ளே தங்கிய ஆவியில் பொறி பட்டால் வெடிக்கும். தொழில் தெரிந்தவர்கள் தண்ணீர் நிரப்பித்தான் வெட்டுவார்கள்.

நெருப்பைப் பீப்பாய்க்குள் வைக்கவில்லை. அதுதான் அந்த ஃபிட்டரின் மூளை. 15 கிலோ எண்ணெய் டின்னில் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக இடித்து, பாட்டிலை உருவிவிட்டால் நம் ஊர் மரத்தூள் அடுப்பு. பழைய தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும், ஒரு தடவை பற்றவைத்தால் அரை நாள் கனியும். காற்று அதிகம் போனால் எரியும், குறைத்தால் புகையும். அவருக்கு வேண்டியது புகை. டின்னை மூடி, அதிலிருந்து நான்கடி இரும்புக் குழாய் ஒன்றைப் பீப்பாயின் அடியில் செருகினார். குழாயில் போகும்போதே புகை ஆறிவிடும், கறி வேகாது. நாகப்பூச்சுப் பூசிய தண்ணீர்க் குழாய் கூடாதென்று அவரே ஒதுக்கினார், சூட்டில் துத்தநாகப் புகை வருமாம். மேல்பக்கம் கட்டடக் கம்பி நான்கைக் குறுக்கே செருகி, சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் கொக்கி. மூடியின் மேல் நனைத்த சாக்கு. எனக்குத் தெரிந்து புதிதாகக் காசு கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை, என் பீப்பாயைத் தவிர.

மரத்தூளிலும் தேர்வு உண்டு. பிளைவுட் தூள் ஆகாது, அதில் பசை. பைன் மரம் பிசினாக வரும். பழப்பெட்டி அறுத்த மாமரத் தூளும் தேங்காய் மட்டையும் கலந்தார். மாலத்தீவிலும் தேங்காய் மட்டைதான் என்று நான் படித்ததைச் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். புகையில் பீனால், அமிலம் முதலான பொருள்கள் கறியின் மேல் படிந்து கிருமியைத் தடுக்கின்றன; ஆனால் காப்பாற்றுவதில் பெரும்பங்கு உப்புக்கும் ஈரம் வற்றுவதற்கும்தான். அதே புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருளும் இருப்பதால்தான் உலக உணவு வேளாண்மை நிறுவனம் செனகல் நாட்டுத் தியாரோய் பயிற்சி நிலையத்தோடு சேர்ந்து, கொழுப்பு நெருப்பில் சொட்டாத புது அடுப்பை 2008-ஐ ஒட்டி உருவாக்கியது. பெரியவரின் நான்கடிக் குழாயிலும் அந்த நன்மை தானாகவே இருந்தது.

மூன்றாம் ஞாயிறு நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி ஒரு ராத்திரி ஊறின ஆட்டிறைச்சி உள்ளே போயிற்று. நான் காற்றுக்கு எதிர்ப்பக்கம், முருங்கையடியில் நாற்காலி போட்டுக்கொண்டேன். இறைச்சி வாடை வரும், எழுந்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். வந்தது எங்கள் வீட்டு வாடை.

கிராமத்தில் எங்கள் சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே பரண். விதைச் சோளக் கதிர், சுரைக்குடுக்கையில் அவரை விதை, கத்தரி விதை எல்லாம் அதில் தொங்கும். புகை பட்ட விதையைப் பூச்சி தொடாது. வாழைத்தார் பழுக்கவும் புகை போடுவோம், அது எல்லா ஊரிலும் உண்டு. அதே பரணில் துணி சுற்றி ஒரு கட்டு, தாத்தாவின் ஓலைச்சுவடிகள். கரையான் அரிக்காதிருக்கச் சுவடியை அடுக்களைப் புகையில் தொங்கவிடுவது தமிழ்நாட்டிலும் மலையாளத்திலும் பழைய வழக்கம். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமணர்கள் அவருக்குப் பொருள் சொல்லித் துணை நின்றதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெருமையில் அடுப்புப் புகைக்கும் ஒரு பங்கு தர வேண்டும். (தாராவியில் நெல்லை முஸ்லிம்களின் படே மசூதி எழுந்ததும் அதே 1887 என்பார்கள், அது வேறு கதை.) கொல்லாமை பாடிய ஏட்டையும் உப்புக்கண்டத்தையும் ஒரே புகை காத்திருக்கிறது. இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பொகைக்கு சாதி மதம் தெரியுமா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு டின்னில் தூளைத் தட்டினார்.

இரண்டு நாள் புகைக்குப் பின் கண்டம் கருத்து இறுகி வந்தது. ஊர்க் கண்டம் மாதிரி இல்லை என்று அவர் மனைவிக்குக் குறை. வெயிலின் ருசி வேறுதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஆண்டு புழு வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் புகை என்று ஒரு முறை சண்டை வந்து, மழை பெய்யும் நேரத்தில் மட்டும் மூட்டுவது என்று தீர்ந்தது. இன்று அதற்கும் வழி இருக்காது. 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் பேக்கரிகளும் தந்தூர்க் கடைகளும் விறகையும் கரியையும் ஆறு மாதத்தில் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டுவிட்டது. வீட்டுக்கு வீடு குளிர்பதனப் பெட்டி வந்தபின் கண்டம் போடுவாரும் குறைவு.

அந்த நாள் தொட்டு என் கடையில் ஒரு வழக்கம் வைத்தேன். உள்ளே இருந்த சரக்கின் பெயரைச் சுண்ணக்கட்டியால் பீப்பாயின் அடியில் எழுதாமல் எதுவும் வெளியே போகாது. பூச்சி மருந்துப் பீப்பாயை யார் கேட்டாலும் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பேன், உருக்குப் பட்டறைக்கு. வியாபாரத்தில் கொஞ்சம் நஷ்டம். இறைச்சிக்கு என்று தெரிந்து விற்பது பற்றி என் கேள்வி அப்படியே இருக்கிறது. திண்டிவனம் பக்கத்துப் பண்டிதர் ஒருவரிடம் கேட்டதற்கு, "நீ கேட்டுக்கொண்டே இரு" என்றார்.

2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அன்று செம்பூரில் அந்த வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். பெரியவர் அதற்கு முந்தின ஆண்டே காலமாகிவிட்டார். ஆகஸ்டு மாதம் மகன் ஒரு கைவண்டியில் நனைந்த சாமானோடு கடைக்கு வந்தான். பீப்பாய் அடியில் உளி வைத்து வெட்டிய துளை, மேலே நான்கு கம்பி ஓட்டை. பையன்களிடம் சொல்லி எடை போட்டேன். துரு போக 13 கிலோ இருந்தது.